தொட்டி அண்ணாச்சி

தென்காசியில் தெருவுக்கு ஒரு தொட்டி அண்ணாச்சி இருப்பார். அவர் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. எந்த வாசலில் ஹெல்மெட்டுக்குள் பத்துமணிப் பூ பூத்திருக்கிறதோ, எந்த மாடியில் வாஷிங் மெஷின் டிரம்முக்குள் கறிவேப்பிலை நிற்கிறதோ, அதுதான் வீடு. உள்ளே போனால் பிரஷர் குக்கரில் கற்றாழை, மிக்ஸி ஜாரில் துளசி, குடல் உருவிய டிவிப் பெட்டியில் ஓமவல்லி.

குற்றால சீசன் அண்ணாச்சிக்கு அறுவடைக் காலம். ஜூனில் சாரல் விழுந்ததும் ஊர் உலகமெல்லாம் ஐந்தருவிக்கு ஓடும். அண்ணாச்சியும் போவார், தலை நனையாமல் திரும்புவார். அவர் கண் தண்ணீரில் இல்லை, தண்ணீர் பாட்டிலில். ஜோடியைத் தொலைத்த ஒற்றை ஷூ கிடைத்தால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. பிரானூர் பார்டர் புரோட்டாக் கடையில் மற்றவர்கள் சால்னா வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அண்ணாச்சி கொல்லைப்பக்கம் போய், எண்ணெய் டின் காலியாகிவிட்டதா என்று பார்ப்பார்.

2019 ஜனவரியில் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது, கடைக்காரர்களை விட அதிகம் கலங்கியவர் இவர்தான். தடைப் பட்டியலில் தண்ணீர் பாக்கெட் இருக்கிறது, பாட்டில் இல்லை என்று தெரிந்த பிறகே சோற்றில் கை வைத்தார்.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் இந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்புவதே இல்லை. வந்தால் ஏற்றிப் போக ஒன்றும் கிடைக்காது. வண்டியில் இருப்பதும் இறங்கிவிடும்.

வீட்டில் ஒரு பாத்திரம் ஓட்டையானால் மற்ற வீடுகளில் துக்கம். இங்கே அண்ணாச்சி முகம் மலரும். “பாதி வேலை முஞ்சிட்டு!” என்பார். சும்மா சொல்லக்கூடாது, தொழில் சுத்தம். ஓட்டை இல்லாவிட்டால் அடியில் நாலு போடுவார். மண் ஒழுகாமல் அதன்மேல் ஓட்டாஞ்சல்லி. பிறகு செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் மூன்றும் சமபங்கு. பெயின்ட் டப்பா என்றால் வெயிலில் காயவைத்துச் சுரண்டிக் கழுவாமல் மண் போட மாட்டார்.

அதனால்தான் டெங்குக் கொசுப்புழு தேடி வரும் நகராட்சி ஆட்களிடம் அவர் பயப்படுவதில்லை. ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் புழு கொசுவாகிப் பறக்கும். டயர், டப்பா, சிரட்டை என்று அவர்கள் தேடுகிற அத்தனையும் ஒரே கூரையின்கீழ் இருப்பதைப் பார்த்து ஆட்கள் திகைப்பார்கள்.

“நல்லா பாத்துக்கோங்க தம்பி. ஓட்டை இல்லாத ஏனம் அடுக்களையில மட்டும்தான் இருக்கு.”

“அதுவும் இப்போதைக்குத்தான்!” என்று உள்ளேயிருந்து ஆச்சி குரல் வரும்.

யாராவது சிரித்தால் அண்ணாச்சி சண்டிகருக்குப் போய்விடுவார். நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957 முதல் உடைந்த வளையலும் பீங்கானும் சேர்த்து, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்து வைத்தார். கடைசியில் அரசாங்கமே அதை ஏற்று, 1976-ல் பாறைத் தோட்டம் என்று மக்களுக்குத் திறந்துவிட்டது.

“அவரு காட்டுல வச்சாரு. எனக்கு ஏது காடு? மாடிதான்.”

“அவுகளுக்கு அரசாங்கம் இடம் கொடுத்துட்டு. எனக்குத் துணி காயப்போட இடத்த யாரு கொடுப்பா?” என்பார் ஆச்சி.

இவ்வளவு பாடுபடுகிறவருக்குச் செடிமேல் உயிர் என்று நினைத்தால் நீங்கள் ஊருக்குப் புதுசு. சாரல் இருக்கும் வரை மாடி பச்சைப் பசேலென்று இருக்கும். தண்ணீர் ஊற்றுகிற வேலையை மேற்குமலை பார்த்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் எண்ணெய் டின் கொதித்து, வேர் வெந்து, செடி கருகும். துக்கம் விசாரிக்கப் போனால் அண்ணாச்சி தட்டிக் காட்டுவார்: “செடி போனா போட்டும். டின்னு நல்லாருக்குல்லா!”

போன வருஷம் மகள் ஆசையாக, நர்சரியில் சுட்ட மண்தொட்டியோடு ஒரு ரோஜாச் செடி வாங்கி வந்தாள். மறுநாளே ரோஜா பால் குக்கருக்குக் குடிபெயர்ந்தது. அந்த வீட்டின் ஒரே அசல் பூந்தொட்டி இப்போது வாசலில் குடை வைக்க நிற்கிறது. அடியில் ஓட்டை இருப்பதால் சாரல் தண்ணீர் நன்றாக வடிகிறதாம்.