மெகா பிளாக் அப்பா

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்த கையோடு மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ ஒரு தமிழ் அப்பா மொபைலை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு எந்த லைனில் மெகா பிளாக் என்று பார்க்கிறார்.

மும்பையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலைக்காக லோக்கல் ரயில் பாதையில் ஒரு துண்டைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். ஃபாஸ்ட் வண்டி ஸ்லோ பாதையில் ஊரும். ஸ்லோ வண்டி ஃபாஸ்ட் பாதையில் ஏறிக்கொண்டு, நாம் இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கண்டும் காணாமல் போய்விடும். ‘மாட்டுங்கா - முலுண்ட்’, ‘குர்லா - வாஷி’ என்று அறிவிப்பில் அடிக்கடி வரும் ஜோடிப் பெயர்களை இங்கே பிறந்த குழந்தைகள் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்துவிடும். குழந்தை குட்டியோடு வெளியே கிளம்ப நினைக்கும் மனிதன் இதைப் பார்த்ததும் ‘அடுத்த வாரம் போய்க்கலாம்’ என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வதுதான் நியாயம். நம்மவரோ நிமிர்ந்து உட்காருவார். பிளாக் பதினோரு மணிக்குத்தானே, ஏழு மணி வண்டியைப் பிடித்தால் அதற்குள் தாதரைத் தாண்டிவிடலாமே! எதிரி கோட்டையை முற்றுகையிட்டிருக்க, சுரங்கப் பாதை தனக்கு மட்டும் தெரிந்த தளபதியின் களிப்பு அவர் முகத்தில் தெரியும்.

வயது நாற்பதை ஒட்டி இருக்கும். முதுகில் பை. பைக்குள் தண்ணீர் பாட்டில்கள், குடை, குளுக்கோஸ் பிஸ்கெட், விரித்து உட்காரப் பழைய பேப்பர், வாந்திக்கு ஓர் எலுமிச்சம்பழம். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. குழந்தைகளுக்கு இயற்கையைக் காட்ட வேண்டும் என்பது லட்சியம்.

இயற்கை எங்கே இருக்கிறது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத கொள்கை ஒன்று உண்டு. கிட்டே இருந்தால் அது இயற்கை இல்லை. மாட்டுங்கா அப்பாவுக்கு வீட்டிலிருந்து எட்டி நடந்தால் ஃபைவ் கார்டன்ஸ். மரம், நிழல், புல்தரை எல்லாம் இருக்கிறது. “அதெல்லாம் வாக்கிங் போற இடம்டா” என்பார். நடந்து போனால் வாக்கிங், பஸ்ஸில் போனால் கடை கண்ணிக்கு, இரண்டு ட்ரெயினாவது மாறிப் போனால்தான் அவுட்டிங். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் மே மாதம் ஊருக்குப் போவது என்றால் அவருக்கு இரண்டு ராத்திரி ரயில். ஆறு, தோப்பு, பாட்டி எல்லாமே அந்த ரயிலின் மறுமுனையில் இருந்தன. அரை மணியில் வந்துவிடுகிற மரத்தை அவர் எப்படி நம்புவார்?

ஆகவே போரிவலி. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. நகரத்துக்குள்ளேயே ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர் காடு. உலகத்தில் வேறு எந்தப் பெருநகரத்துக்கு இப்படி வாய்த்திருக்கிறது என்று ட்ரெயினில் பக்கத்து சீட்காரரைக் கேட்பார். பக்கத்து சீட்காரர் குஜராத்தி. பாவம், தலையாட்டுவார். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஒட்டிக்கொள்ளும் ஃபோர்த் சீட்டுக்காக “பாய்சாப், தோடா சரக்னா” என்று இவர் முதலில் கேட்டபோதே அவர் இடம் விட்டுவிட்டார். அதற்கு வட்டியாகத்தான் இந்தப் பொது அறிவு.

பூங்கா வாசலில் இறங்கியதும் அப்பா சொல்லும் முதல் தகவல், “இங்கே சிறுத்தை இருக்கு.” அம்மா முறைப்பாள். “ராத்திரிதான் வெளியே வரும். தெரு நாயைப் பிடிச்சிண்டு போயிடும், அவ்வளவுதான்” என்று ஆறுதல் சொல்வார். அன்று முழுக்கச் சின்னவள் அப்பாவின் கையை விடமாட்டாள். பெரியவனுக்கு வேறு கவலை. உள்ளே வனராணி என்று ஒரு பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 2021 மே மாதம் டவ்தே புயலில் தண்டவாளம் சேதமாகி, வருஷக்கணக்கில் நின்றுபோனது. அந்த வருஷங்களில் ரயில் ஆசை காட்டிக் குழந்தைகளைக் கூட்டிப்போன அப்பாக்கள், வனராணிக்கும் மெகா பிளாக் என்று சொல்லிச் சமாளித்தார்கள். குழந்தைகள் நம்பின.

பூங்காவுக்குள்ளேயே இருக்கிற கான்ஹேரி குகைகளுக்கு மேலே ஏற வேண்டும். நூற்றுக்கும் அதிகமான குகைகள், எல்லாம் கருங்கல் மலையில் குடைந்தவை. பௌத்த பிட்சுக்கள் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் இருந்து வாழ்ந்த இடம். மழைத் தண்ணீர் பாறையில் வெட்டிய வாய்க்கால் வழியாக இறங்கி குகை வாசலில் இருக்கிற தொட்டியில் சேருகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். இந்தத் தொட்டியின் முன்னால் நின்று அப்பா ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். குழந்தைகள் அதற்குள் ஒரு குகைக்குள் நுழைந்துவிட்டிருக்கும். சின்ன அறை, கல்லில் செதுக்கிய படுக்கை.

“அப்பா, இது ஒன் ரூம் கிச்சனா?”

“பிட்சுவுக்கு எதுக்குடா கிச்சன்? பிக்ஷை எடுத்துச் சாப்பிடுவா.”

“அப்போ பேயிங் கெஸ்ட்டா?”

அப்பா பதில் சொல்லவில்லை. அவர் அறையை அடி வைத்து அளந்துகொண்டிருந்தார். தன் வீட்டு ஹாலைவிட ஒன்றரை அடி நீளம் அதிகம். வாசலிலேயே சொந்தத் தண்ணீர்த் தொட்டி. கிழக்கே மலை, மேற்கே காற்று. சொசைட்டி மெயின்டனன்ஸ் கிடையாது. இதையெல்லாம் விட்டுவிட்டு அந்த மனிதர்கள் ஏன் போனார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் ஆராய்கிறார்கள். மும்பைக்காரர்கள், உள்ளே எப்படி இடம் கிடைத்தது என்றுதான் ஆராய்வார்கள்.

சாப்பாடு, குகை வாசலில் பேப்பரை விரித்து. எவர்சில்வர் சம்படத்தில் புளியோதரை, இன்னொன்றில் தயிர்சாதம், மேலே பொரித்த அப்பளம். உணவுப் பொட்டலத்தை வெளியே எடுக்கக் கூடாது, குரங்கு வரும் என்று கீழேயே சொன்னார்கள். அப்பா அதைப் பொதுஜனங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். வந்த குரங்குக்கு அவசரம் ஒன்றும் இல்லை. முதலில் அப்பளத்தை எடுத்தது. புளியோதரைச் சம்படத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நாலு படி தள்ளிப் போய் உட்கார்ந்தது. திரும்பி வந்து தயிர்சாதத்தில் ஒரு விரல் விட்டு, நக்கிப் பார்த்து, அப்படியே வைத்துவிட்டுப் போயிற்று.

“உப்பு போறாதுன்னு நான் அப்பவே சொன்னேன், கேட்டேளா? கொரங்குக்கே தெரிஞ்சுடுத்து” என்றாள் அம்மா.

அம்மாக்களைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். விடிகாலை நாலரைக்கு எழுந்து புளிக்காய்ச்சல் கிளறுவது அவள். மத்தியானம் வீடு காலியாக இருந்தால் ஒரு தூக்கம் போடலாம் என்பது அவள் கனவு. அப்பாவுக்கோ குடும்பமாகப் போக வேண்டும். இதில் பைகுலா ராணி பாக் மிருகக்காட்சிசாலை அவருக்கு ஒத்தாசை செய்தது. 2017ல் அங்கே நுழைவுக் கட்டணத்தை ஏற்றியபோது பெரியவர்களுக்கு 50 ரூபாய், குழந்தைகளுக்கு 25, அப்பா அம்மா இரண்டு குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு மொத்தமாக 100 என்று வைத்தார்கள். அப்பா கணக்குப் போட்டார். தானும் இரண்டு குழந்தைகளும் போனாலே நூறு. “நீ வந்தா உனக்கு ஃப்ரீ!” கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் சொன்ன வார்த்தைகளில் இதை அவள் மறக்கவில்லை. அங்கே தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஹம்போல்ட் இனத்துப் பெங்குயின்கள் கண்ணாடிக்குப் பின்னால் நீந்துகின்றன. அந்த ஏசி அறையை விட்டு மே மாதத்தில் அப்பாவை வெளியே கிளப்புவது கஷ்டம். குழந்தைகளுக்கு நிதானமாகக் காட்ட வேண்டுமாம்.

ராணி பாக்கைச் சொன்னதும் எலிபண்டா யானை ஞாபகம் வருகிறது. மாட்டுங்காவிலிருந்து பைகுலா ஒரே வண்டி, ஐந்தாவது ஸ்டேஷன். மாறுவதற்கு வழியே இல்லாததால் அதை அப்பா முழு அவுட்டிங்காகக் கணக்கில் சேர்க்கமாட்டார். அசல் அவுட்டிங் எலிபண்டா தீவு. ட்ரெயின், பிறகு பஸ், பிறகு கேட்வேயிலிருந்து ஒரு மணி நேரம் படகு, பிறகு நூற்றுச் சொச்சம் படி. மேலே போய் மூன்று முகச் சிவனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் சின்னவள் கேட்டாள், “அப்பா, எலிபண்ட் எங்கே?” பெயரிலேயே யானை இருக்கிறதே, நியாயமான கேள்வி. காராபுரி என்ற தீவுக்குப் போர்ச்சுகீசியர்கள் அந்தப் பெயரை வைத்ததே அங்கே நின்ற ஒரு பெரிய கல் யானையைப் பார்த்துத்தான். 1864ல் ஆங்கிலேயர்கள் அதை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப் பார்த்தார்கள். தூக்கும்போது கீழே விழுந்து உடைந்தது. துண்டுகளைச் சேர்த்து ஒட்டி வைத்திருக்கிறார்கள், ராணி பாக் வளாகத்தில், பாவு தாஜி லாட் மியூசியத்துக்குப் பக்கத்தில். போன மாதம் அதன் எதிரே நின்றுதான் பெரியவன் குச்சி ஐஸ் சாப்பிட்டான். அப்பா அந்த யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எலிபண்டா போக எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்பூர் அப்பா இன்னும் படித்தவர். பாதிப் பேர் அணு ஆராய்ச்சி நிலையத்திலோ உரத் தொழிற்சாலையிலோ வேலை பார்க்கிறவர்கள், வீட்டிலும் கணக்குத்தான். அவருக்குப் பூநாரை வேண்டும். குளிர்காலத்தில் வந்து மே மாதவாக்கில் கிளம்புகிற அந்த ரோஜா நிறப் பறவைகளைப் பார்க்க சிவ்ரி துறைக்குப் போவார். அன்றைக்குப் பார்த்து குர்லா - வாஷி பிளாக். ஆகவே குர்லா வரை பஸ், அங்கிருந்து ஹார்பர் வண்டி. பைனாகுலர், பறவைப் புத்தகம், தொப்பி எல்லாம் இருக்கும். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதை மட்டும் பார்த்திருக்கமாட்டார். ஓதம் ஏறும்போதோ இறங்கும்போதோ போனால் பறவைகள் கரைக்குக் கிட்டே நிற்கும். இவர் போன நேரம் தண்ணீர் வற்றி, ஒரே சேறு. தூரத்தில் யாரோ சுண்ணாம்பும் குங்குமமும் கலந்து தெளித்த மாதிரி ஒரு கோடு.

பெரியவன் பைனாகுலரை வாங்கிப் பார்த்தான். பறவையைத் தாண்டிப் பார்த்தான்.

“அப்பா, அது நம்ம பால்கனியிலேர்ந்து தெரியற சிம்னி இல்ல?”

அதேதான். எதிர்க்கரை மாஹுல், ட்ராம்பே; செம்பூரின் கொல்லைப்புறம். பூநாரைகள் மேய்கிற சேறு சிவ்ரியில் ஆரம்பித்து அங்கேதான் போய் முடிகிறது. பறவைகள் இவர் வீட்டுப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன.

வழியில் ஏதாவது தண்ணீரைக் கண்டால் எல்லா அப்பாக்களும் ஒன்றாகிவிடுவார்கள். “எங்க ஊர் ஆத்துல நாங்க...” என்று தொடங்கும். கரையிலிருந்து குதித்தது, மணலில் ஊற்றுத் தோண்டியது, தாத்தா துரத்தியது. குழந்தைகள் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும். ஒரு தடவை சின்னவள் சந்தேகம் கேட்டாள், “அந்த ஆறு வெஸ்டர்ன் லைனா, சென்ட்ரல் லைனா அப்பா?”

தாராவி அப்பா வாரம் முழுக்கக் கார்கானாவில் தோல் பை தைக்கிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். போரிவலிக்குப் போக மாகிமிலிருந்து நேரே ஸ்லோ வண்டி இருந்தும், சீட் கிடைக்கும் என்று இரண்டு ஸ்டேஷன் பின்னால் தாதருக்குப் போய் அங்கிருந்து ஃபாஸ்ட் பிடிப்பார். அவர் தினமும் கடந்துபோகிற தாராவி பஸ் டெப்போவுக்கு எதிரே, மிட்டி ஆற்றங்கரையில் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. 37 ஏக்கர். ஊர்க் குப்பையெல்லாம் கொட்டி மேடாகிப்போன இடம் அது. 1983ல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் மரத்தை நட்டுவைக்க, குப்பை மேட்டின் மேல் காடு வளர்ந்து 1994ல் பொதுமக்களுக்குத் திறந்தது. வாசல் போர்டைப் பார்த்து அது ஏதோ சர்க்கார் ஆபீஸ் என்று அப்பா முடிவு செய்திருந்தார். மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் அங்கே கூட்டிப் போனார்கள்.

“எப்பா, நம்ம டெப்போவுக்கு எதுத்தாப்புல பெரிய காடுப்பா. பட்டாம்பூச்சியா பறக்கு.”

“அது ஆபீஸு, பிள்ள.”

“இல்லப்பா, காடு. நா போயிட்டு வந்தம்லா. ஒரு நா நாம எல்லாரும் போவமா?”

அப்பா யோசித்தார். மொபைலை எடுத்தார்.

“போவோம். அதுக்குன்னு ரோட்டத் தாண்டிப் போயிட்டு வாரதெல்லாம் ஒரு போக்கா? காலைல மாகிம் போயி, ட்ரெயின் ஏறி, பாந்த்ரால எறங்கி, அங்கன சயான் பஸ்ஸப் புடிச்சு டெப்போகிட்ட எறங்குவோம்.”

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள், “அப்பம் புளிச்சோறு கெட்டணுமாங்க?”

“கெட்டு, கெட்டு. தூரமாப் போறோம்லா.”