‘என்கோ’ விகுதியும் வளராத பிள்ளைகளும்: ஓர் ஆய்வு

ஷெவ்சென்கோ என்றதும் கவிஞர் நினைவுக்கு வந்தால் நீங்கள் இலக்கியவாதி. கால்பந்து வீரர் வந்தால் பெரும்பான்மை. யாரும் வராவிட்டால்தான் இக்கட்டுரை.

உக்ரைன் மொழியில் ‘ஷ்வெத்ஸ்’ என்றால் செருப்புத் தைப்பவர். ‘என்கோ’ விகுதி. இரண்டும் புணரும்போது முன்னது ‘ஷெவ்ச்’ எனத் திரியும்; ஏனென்று கேட்பவர் விகாரப் புணர்ச்சிக்குப் பயந்து வகுப்பைக் கட்டடித்தவராக இருப்பார். செருப்புத் தைப்பவரின் மகன் என்பது பொருள். நுணுகிப் பார்த்தால் சின்ன மகன். விகுதியில் கொஞ்சம் செல்லமும் ஒட்டியிருக்கிறது.

இதனை ‘என் கோ’ எனப் பிரித்து, ‘என் அரசன்’ என்று பொருளுரைத்து, நீப்பர் நதிக்கரையைச் சோழநாட்டோடு சேர்ப்பாரும் நம்மில் உளர். அது பொருந்தாது. என்னை? அங்கே கொல்லர் மகன் கொவாலென்கோ, பீப்பாய் செய்பவர் மகன் பொந்தாரென்கோ, நெசவாளர் மகன் த்காச்சென்கோ. 1649ஆம் ஆண்டின் கொசாக் படைப் பதிவேட்டிலேயே என்கோக்கள் மலிந்துள்ளனர். எல்லாரும் அரசரானால் குடிகளுக்கு எங்கே போவது?

வேர்ச்சொல்லில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ‘ஷ்வெத்ஸ்’ தைத்தலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. தையற்காரரைக் குறிக்கும் ‘க்ரவெத்ஸ்’ வெட்டுதலில் பிறந்தது. அதாவது தைப்பவர் செருப்புக்குப் போய்விட்டார், வெட்டுபவர் தையற்காரர் ஆகிவிட்டார். துணி கொடுத்து ஏமாந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. 1991இல் உக்ரைனின் முதல் அதிபரான க்ரவ்சுக் இந்த வெட்டு மரபினர். மேற்கே வொலின் பகுதியில் பிறந்தவராதலால் விகுதி ‘உக்’ ஆயிற்று.

ஆனால் எம்மை உறங்கவிடாத சிக்கல் வேறு. ‘என்கோ’ப் பெயர் சூடியவர் எவ்வயதிலும் ‘பையன்’தான். கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ 1814இல் பண்ணையடிமையாகப் பிறந்தார். ஓவியர் ப்ரியூல்லவ் வரைந்த படத்தைக் குலுக்கலில் விட்டு 2500 ரூபிள் திரட்டி, 1838இல் அவரை மீட்டனர். பண்ணையார் விட்டார், செருப்புத் தைத்த பாட்டனார் விடவில்லை. இன்று கீவ் பல்கலைக்கழகமே அவர் பெயரில் இயங்குவதால், முனைவர்களும் அந்தச் சின்னப் பையன் பெயரால்தான் பட்டம் வாங்குகிறார்கள்.

2005இல் பிரதமரான யூலியா திமோஷென்கோவின் குடும்பப் பெயருக்கு ‘திமிஷின் மகன்’ என்று பொருள். கணவர் வழி வந்த பெயர். நம் இலக்கணிகள் இதைப் பால்வழுவமைதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

2004இல் தங்கப் பந்து விருது பெற்ற ஆந்த்ரிய் ஷெவ்சென்கோ காலணியை நம்பியே பிழைத்தவர். குலத்தொழில் முழுதாக விட்டுப்போகவில்லை என்பதற்கு எம் கைவசமுள்ள ஒரே சான்று இது. அந்தக் காலணியைத் தைத்தவரின் குடும்பப் பெயர் தெரிந்த வாசகர்கள் எழுதியனுப்பினால் இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்படும்.