அழகன் மகன் மெக்கன்சி

கேள்வி: பார்க் தெரு கல்லறைத் தோட்டத்தில் காலின் மெக்கன்சியின் சமாதியைப் பார்த்தேன். அதென்ன ‘மெக்கன்சி’? ஊர்ப் பெயரா, சாதிப் பெயரா?
– வாசகர், கரியாஹாட், கொல்கத்தா

பதில்: இரண்டும் இல்லை, அப்பா பெயராகத் தொடங்கிக் குடும்பப் பெயராகிவிட்டது. நாம் ஓர் எழுத்தை இனிஷியலாகப் போட்டு முடிப்பதை அவர்கள் முழுசாக எழுதினார்கள். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘மக்’ என்றால் மகன் (நம்ம ‘மக’வோடு முடிச்சுப் போட்டுக் கட்டுரை அனுப்பாதீர்கள், பிரசுரிக்க மாட்டேன்). ‘கென்சி’ என்பது கென்னத்தின் பழைய வடிவம். அழகன் என்று பொருள். ஆக, அழகன் மகன்.

ஆங்கில எழுத்தில் இந்தப் பெயரின் நடுவில் நிற்கும் ‘ஸெட்’ (z) அச்சுக்கூடத்தார் உபயம். ‘ய’ ஒலி தரும் ‘யோக்’ என்ற பழைய ஸ்காட்டிஷ் எழுத்துக்கு அவர்களிடம் அச்சு இல்லை. பார்வைக்கு நெருங்கிய ‘ஸெட்’டைக் கோத்துவிட்டார்கள். ‘மக்கிங்கி’ போல ஒலித்த பெயர் காலப்போக்கில் மெக்கன்சி ஆகிவிட்டது. அச்சுப்பிழையில் பரம்பரையே மாறியது இதழ்க்காரர்களான எங்களுக்குச் சற்று ஆறுதல்.

உங்கள் ஊரில் உறங்குபவர் லூயிஸ் தீவுக்காரர். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார், 1821இல் மறைந்தார். அவர் திரட்டிய தமிழ், தெலுங்குச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

இன்றும் ஸ்காட்லாந்தின் வடமேட்டு நிலத்தில் மெக்கன்சிகளுக்குக் குறைவில்லை. கனடாவில் ஒரு பிரதமரும் ஒரு பெரிய ஆறும் மெக்கன்சிதான். அமெரிக்காவிலோ பெண் குழந்தைகளுக்கே இந்தப் பெயரை வைக்கிறார்கள். மகளை ‘அழகன் மகனே’ என்று கூப்பிட்டுச் சோறூட்டும் தேசம்!