குதிரை வண்டியில் வந்த இசைத்தட்டு

1965இல் லண்டனில் ஒரு பெண்ணைப் பாப் நட்சத்திரமாக்கிவிடுவது என்று ஆண்ட்ரூ லூக் ஓல்டம் முடிவு கட்டினார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேனேஜர் அவர். சொன்னால் நடந்துவிடும் என்று ஊரே நம்பிய காலம். பெண்ணின் பெயர் வாஷ்டி பன்யன். (திருப்பூருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.) ஓவியம் படிக்க வந்துவிட்டுப் பாட்டெழுதிக்கொண்டிருக்கிறாள் என்று ஆக்ஸ்போர்டின் ரஸ்கின் ஓவியப் பள்ளி அவரை ஏற்கெனவே வெளியே அனுப்பியிருந்தது. அப்பேர்ப்பட்டவருக்கு முதல் இசைத்தட்டில் கிடைத்தது, மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய இரவல் பாட்டு. அதுவும் விற்கவில்லை.

மனம் வெறுத்தவர் 1968இல் ஒரு காரியம் செய்தார். பாடகர் டோனவன், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் மூன்று குட்டித் தீவுகள் வாங்கியிருந்தார். கலைஞர்கள் எல்லாம் அங்கே கூடி வாழ்வதாக ஏற்பாடு. ரயிலேறினால் மறுநாள் போய்விடலாம். வாஷ்டியும் காதலர் ராபர்ட் லூயிஸும் டோனவனிடமே கடன் வாங்கிக் குதிரை வண்டி பிடித்தார்கள். குதிரை பெஸ், நாய் ப்ளூ. பாதிக் குளிர்காலம் வழியிலேயே கழிந்தது. அந்த டிசம்பரில் அப்பல்லோ 8 சந்திரனைச் சுற்றிவிட்டு ஆறே நாளில் வீடு திரும்பியது. பெஸ் இன்னும் இங்கிலாந்தையே தாண்டவில்லை.

பந்திக்கு முந்து என்று பெஸ்ஸிடம் யாரும் சொல்லவில்லை போலும். ஒரு வருடத்துக்கு மேல் உருண்டு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை. கூட்டமும் கலைந்திருந்தது. ஆனால் வழிநெடுக எழுதிய பாட்டுகள் கையில் இருந்தன: குதிரை, நாய், வயல், விதைப்பு, மழை. புரட்சி எதுவும் இல்லை.

தயாரிப்பாளர் ஜோ பாய்ட் 1969 கடைசியில் அவற்றைப் பதிவு செய்தார். ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் டேவ் ஸ்வார்பிரிக், இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் ராபின் வில்லியம்சன், நிக் டிரேக்கின் பாட்டுகளுக்குத் தந்தி இசை கோத்த ராபர்ட் கர்பி எனப் பெரிய கைகள். 'ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே' என்ற அந்த ஆல்பத்தை, ஒரு வருடம் கிடப்பில் போட்டு, 1970 டிசம்பரில் பிலிப்ஸ் வெளியிட்டது. அதாவது, பாட்டுகள் வண்டியில் வந்த வேகத்திலேயே கடைக்கும் வந்தன. லெட் செப்பலின் சுவரைப் பிளந்துகொண்டிருந்த ஆண்டில் குதிரைப் பாட்டுக்கு யார் காது கொடுப்பார்கள்? விற்றது சில நூறு பிரதிகள். விமர்சகர்கள் திட்டியிருந்தாலாவது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலோர் வாயே திறக்கவில்லை. வாஷ்டி கிதாரை மூலையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளையும் கால்நடைகளையும் வளர்க்கப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கணினி வாங்கியவர், எல்லோரும் செய்வதுபோலத் தன் பெயரைத் தேடிப் பார்த்தார். தான் மறந்துபோன தட்டுக்காக உலகம் முழுக்க ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள்! 2000இல் மறுபதிப்பு வந்தது. பழைய பிரதியின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. அந்தப் பணத்தில் வாஷ்டிக்குச் சல்லிக்காசு கிடையாது. 2006இல் டி-மொபைல் விளம்பரத்தில் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஒலித்தது. வேகத்தை விற்கும் கம்பெனிக்குக் குதிரை வண்டிப் பாட்டு! 2005இல் இரண்டாவது ஆல்பம் வந்தது. முதலாவதுக்கும் அதற்கும் இடைவெளி 35 வருடம்; பெஸ் எவ்வளவோ தேவலை.

டெவெண்ட்ரா பன்ஹார்ட் போன்ற இளம் பாடகர்கள் அவரிடம் யோசனை கேட்டுக் கடிதம் போட்டார்கள். பத்திரிகைகள் 'ஃப்ரீக் ஃபோக் இசையின் ஞானத்தாய்' என்று பட்டம் சூட்டின. அவரோ, தான் ஃபோக் பாடகியே இல்லை என்று மறுத்துவந்தார். பட்டம் கொடுத்தவர்கள் கேட்பதாக இல்லை. நீங்கள் ஆல்பத்தையாவது கேளுங்கள். முழுதும் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.