ஒருங்கிணைப்புத் திலகம்

திலகப் பட்டம் சினிமாக்காரர்களுக்கு மட்டும்தான் என்று சட்டமா இருக்கிறது? சோழிங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்றின் சின்ன அறையில் ஸ்டார்ட்டப் நடத்தும் இவருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். கேமராவில் படும் சுவரில் புத்தக அலமாரியும் ஒரு மணி பிளான்ட்டும். படாத சுவரோரம் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி மூட்டை. நடுவில் திலகம்.

குழுவில் ஐந்து பேர். கோடு எழுதும் பெண் தென்காசிப் பக்கம், டிசைனர் கோவை, மற்ற இருவர் பெங்களூரு. எல்லோரும் சேர்ந்து செய்வது, அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் வரவழைக்கும் ஆப். இதுவரை அந்த ஆப் சொல்லி ஒரு கேன்கூட எந்த மாடியும் ஏறியதில்லை. ஆனால் கேன் மாடி ஏறுவதற்கான திட்டம் முதலில் ட்ரெல்லோவில் இருந்தது. அங்கிருந்து நோஷனுக்குக் குடிபோனது. பிறகு ஜிராவுக்கு. வாடகை வீடு மாறும்போது கரண்டியும் தட்டும் தொலைவது மாதிரி ஒவ்வொரு மாற்றத்திலும் நாலைந்து வேலைகள் தொலையும். தொலைந்தவற்றைத் தேட ஒரு புதுப் பட்டியல் திறக்கப்படும்.

காலை பத்து மணிக்கு ஸ்டாண்டப். இதை நின்றுகொண்டே நடத்தச் சொன்னவர்கள் யோசித்துத்தான் சொன்னார்கள். கால் கடுத்தால் பேச்சு சுருங்கும், 15 நிமிடத்தில் அவரவர் வேலைக்குப் போகலாம். திலகத்திடம் இருப்பதோ கழுத்துக்குத் தனித் தலையணை வைத்த சுழல் நாற்காலி.

"என் ஸ்க்ரீன் தெரியுதா?"

"இல்ல ப்ரோ."

"இப்போ?"

"உங்க முகம்தான் ப்ரோ பெரிசாத் தெரியுது."

இதற்குள் கோவையில் குக்கர் மூன்று விசில் அடித்துவிடும். நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆளுக்கொரு கேள்வி. நேற்றைய கூட்டத்தில் சொன்னபடி கார்டுகளை அப்டேட் செய்தோம் என்று எல்லோரும் ஒரே பதில். திலகத்துக்குப் பரம திருப்தி. தென்காசியில் மட்டும் பாதியில் நெட் போய்விடும். அந்தக் கம்பெனியில் உருப்படியாகக் கோடு எழுதப்படும் நேரம் அதுதான்.

கூட்டம் முடிந்தால் விட்டுவிடுவாரா? பிற்பகலில் யாராவது தலையைக் குனிந்து ஏதோ பிழையைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, ஸ்லாக்கில் 'ஹாய்' என்று ஒரு சொல் வந்து விழும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. டைப் செய்துகொண்டிருக்கிறார் என்று அடியில் ஓடும்; நிற்கும்; மறுபடி ஓடும். எதிர்முனையில் பிழை ஓடிப்போய் வெகுநேரமான பின் வருவது: 'ஒண்ணுமில்ல, உங்க ஸ்டேட்டஸ்ல எமோஜி போடல, அதான்.'

கவனம் சிதறுகிறது என்ற கவலையும் அவருக்கே அதிகம். இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் மாணவராக இருந்தபோது, 1980களின் இறுதியில், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை முடுக்கி வைத்துப் படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் வேலை, கொஞ்சம் ஓய்வு என்ற பொமடோரோ முறை அப்படி வந்தது. திலகமும் ஒரு தக்காளியை ஆன்லைனில் வாங்கினார். அந்த 25 நிமிடத்துக்கு என்ன பாட்டு ஓடவேண்டும் என்று தேடியதிலேயே முதல் நாலு தக்காளி போயிற்று. இப்போது அது அம்மாவிடம் இருக்கிறது. இட்லி வேகும் நேரம் பார்க்கிறார். அந்த வீட்டில் அதை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர் அவர் ஒருவர்தான்.

அலமாரியில், கேமராவுக்கு நேராக, ஃப்ரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய 'தி மித்திக்கல் மேன்-மன்த்'. ஐபிஎம்மில் மிகப் பெரிய மென்பொருள் வேலையை நடத்தி நொந்துபோன மனிதர் எழுதியது. தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் தாமதம்தான் கூடும் என்பது அதன் புகழ்பெற்ற விதி. ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேச 10 தடங்கள், ஏழு பேர் என்றால் 21. திலகம் இதை ஸ்லைடு போட்டு, தடங்களுக்கு வண்ணமும் கொடுத்து, அருமையாக விளக்கினார். அடுத்த வாரமே இரண்டு பேரைச் சேர்த்தார், தாமதத்தைக் கண்காணிக்க.

இவரைச் சோம்பேறி என்றால் பாவம் பிடிக்கும். நள்ளிரவு ஒரு மணிக்கும் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். சோம்பேறியாக இருந்திருந்தால் கம்பெனி எப்போதோ பிழைத்திருக்கும் என்பது என் கட்சி. விஷயம் வேறு. போர்டில் ஒரு கார்டை இழுத்து 'முடிந்தது' பக்கம் விட்டால் அது சமர்த்தாகப் போய் உட்காரும், எதிர்த்துப் பேசாது. மூன்றாவது மாடி மாமி அப்படி இல்லை. ஆப்பைக் கையில் கொடுத்தால், "எதுக்குப்பா இதெல்லாம், கேன் போடற தம்பிக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா வந்துடறானே?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு வரி காதில் விழாமல் இருக்கத்தான் இத்தனை போர்டும் இத்தனை கூட்டமும். லிஃப்டில் மாமியைக் கண்டால் திலகம் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வதைப் பார்த்தவர்கள் உண்டு.

போன வாரம் அவசரக் கூட்டம். ஸ்லைடில் ஸ்லாக்கின் கதை. 'கிளிட்ச்' என்றொரு ஆன்லைன் விளையாட்டைச் செய்த கம்பெனி, அது ஓடாமல் 2012-ல் மூடியது. தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கட்டியிருந்த கருவியையே பிறகு விற்க வந்தார்கள். 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கிய விலை சுமார் 2,770 கோடி டாலர்.

"நம்மகிட்ட இருக்கிற பொக்கிஷம் எது? நம்ம சிஸ்டம்! இனிமே இதைத்தான் விக்கப்போறோம்."

தென்காசியில் அன்று பார்த்து நெட் நன்றாக இருந்தது.

"அப்போ கேன் ஆப் என்னண்ணா ஆகும்? நேத்து ராத்திரிதான் முடிச்சேன்."

"முடிச்சிட்டியா? கார்டு இன்னும் நடுவுலயே நிக்குதேம்மா. முதல்ல அதை நகர்த்து."