மூத்தாள் பிள்ளைகளும் பெட்டிச் சாவியும்: எம்மா அரசியை முன்வைத்து ஓர் ஆய்வு

மாமியார் மருமகள் உறவைப் பற்றித் தமிழில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. தொலைக்காட்சியில் சாயங்காலம் ஆனால் போதும், கள ஆய்வே நடக்கிறது. இரண்டாந்தாரமாகப் போனவளுக்கும் மூத்தாள் பிள்ளைகளுக்கும் உள்ள உறவுதான் ஆய்வுலகில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களமாக 11ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் கேட்பீர்கள். சொந்த ஊரை வைத்து எழுதினால் அடுத்த கல்யாணத்தில் எனக்குப் பந்தியில் இலை விழாது.

கருதுகோள் இதுதான்: மூத்தாள் பிள்ளைகள் அடங்காதவர்கள். இதை மெய்ப்பிக்க ஒரே ஒரு பெண்மணி போதும் என்று நம்பி இறங்கினேன். அவள் எம்மா. நார்மண்டியை ஆண்ட முதலாம் ரிச்சர்டின் மகள். இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு முறையும் மாப்பிள்ளை இங்கிலாந்து அரசன். இரண்டு முறையும் அவள் வலதுகாலை எடுத்து வைத்து நுழைந்த வீட்டில் ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தார்கள்.

முதல் கல்யாணம் 1002இல். மாப்பிள்ளை ஏதெல்ரெட். மூத்த தாரத்தின் வழியில் ஆண்பிள்ளைகள் மட்டும் ஆறு பேர்: ஏதெல்ஸ்டன், எக்பர்ட், எட்மண்ட், எட்ரெட், எட்விக், எட்கர். இவை ஆறும் ஏதெல்ரெட்டுக்கு முன் ஆண்ட அரசர்களின் பெயர்கள். முன்னோர் பெயர்களை மூத்தாள் பிள்ளைகள் வாரிக்கொண்டு போய்விட, எம்மா பெற்ற ஆண்பிள்ளைகள் இருவருக்கும் எட்வர்ட், ஆல்ஃபிரட் என்று மீந்ததை வைத்தார்கள்.

எம்மாவுக்கே பெயர் மாற்றினார்கள். நார்மண்டிப் பெயர் இங்கிலாந்துக்காரர் வாயில் நுழையவில்லை போலும், ஏல்ஃப்கிஃபு என்று வைத்தார்கள். (எது நுழையும் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு.) மூத்த தாரத்தின் பெயரும் ஏல்ஃப்கிஃபு என்று 12ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பிற்பாடு எம்மா கட்டிக்கொண்ட இரண்டாம் கணவனுக்கு முன்னமே ஒருத்தி இருந்தாளே, அவள் பெயர்? அதுவும் ஏல்ஃப்கிஃபு. கணவன்மார் தூக்கத்தில் உளறினாலும் மாட்டிக்கொள்ளாத ஏற்பாடு இது என்பது இவ்வாய்வாளனின் துணிபு.

மூத்தவன் ஏதெல்ஸ்டன் 1014இல் சாகக் கிடந்தபோது எழுதிவைத்த உயில் இன்றும் இருக்கிறது. மூத்தாள் பிள்ளை இயலுக்கு இதைவிட முக்கியமான ஆவணம் கிடையாது. தகப்பனுக்குப் பங்கு உண்டு. தம்பி எட்மண்டுக்குப் பழைய மன்னன் ஆஃபாவின் வாள். வாள் துலக்குபவனுக்கு ஒரு வாள். மான் வேட்டைக்காரனுக்குக் குதிரைகள். தன்னை வளர்த்த பாட்டியை நன்றியோடு நினைவுகூர்கிறான். உயிலை நுனி முதல் அடி வரை தேடினாலும் பன்னிரண்டு வருஷமாக அதே அரண்மனையில் இருந்த சின்னம்மாவின் பெயர் இல்லை. வாள் துலக்குபவனுக்கு இருந்த மரியாதைகூட இல்லை.

அந்தப் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் ஆய்வு முழுமை பெறாது. அவள் எல்ஃப்த்ரித், ஏதெல்ரெட்டைப் பெற்றவள். 978இல் அவளுடைய மூத்தாள் மகன் எட்வர்ட் (எம்மா பெற்ற எட்வர்ட் வேறு) அரசனாக இருந்தபோது, கோர்ஃப் என்ற ஊரில் அவள் தங்கியிருந்த இடத்துக்கு வந்தான், அங்கேயே கொல்லப்பட்டான். பட்டம் அவள் பெற்ற பிள்ளைக்கு வந்தது. அவள்தான் செய்வித்தாள் என்று பின்னால் வந்தவர்கள் கதை கட்டினார்கள். அண்ணனுக்காகச் சின்னப்பையன் ஏதெல்ரெட் அழுதானாம். அடிக்கப் பிரம்பு அகப்படாமல் தாய்க்காரி மெழுகுவத்திகளாலேயே வெளுத்தாளாம். ஆயுசுக்கும் அவனுக்கு மெழுகுவத்தியைக் கண்டால் ஆகாதாம். மாம்ஸ்பரி மடத்துத் துறவி வில்லியம் சொல்வது இது. இங்கிலாந்தின் பொல்லாத மாற்றாந்தாய் என்று பெயர் வாங்கியவள் பேரனுக்கு அருமைப் பாட்டி. ஒரு கெட்டதும் செய்ததாகத் தெரியாத எம்மாவுக்கு உயிலில் ஒரு வரி இல்லை.

1016இல் ஏதெல்ரெட் போய்ச் சேர்ந்தான். எட்மண்ட் பட்டத்துக்கு வந்து, டென்மார்க்கிலிருந்து படையெடுத்து வந்த கனூட்டோடு மோதி, அதே ஆண்டு நவம்பரில் அவனும் இறந்தான். 1017இல் கனூட் எம்மாவைக் கட்டிக்கொண்டான். இங்கேதான் காதல் கதை வருகிறது. அதையும் எம்மாவே காசு கொடுத்து எழுதவைத்தாள். 1041-42 வாக்கில் செயின்ட் ஓமர் நகரத்துத் துறவி ஒருவர் லத்தீனில் எழுதிய புகழ்மாலை அது. அதன்படி, கனூட் தனக்கு ஏற்ற பெண்ணை நாடெங்கும் நகரெங்கும் தேடவிட்டான். நார்மண்டியில் ஒரு கன்னிப்பெண் அகப்பட்டாள். கன்னிப்பெண் என்றுதான் இருக்கிறது; மூன்று பிள்ளை பெற்றவள் என்பதை மூச்சுக்கூட விடவில்லை. ஏதெல்ரெட் என்று ஒரு மனிதன் பிறந்ததாகவே புத்தகத்தில் இல்லை. சீர்வரிசையோடு தூதர்கள் வந்தார்கள். பெண் ஒரு நிபந்தனை போட்டாள்: வேறொருத்தி பெற்ற பிள்ளைக்குப் பட்டம் கட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கழுத்தை நீட்டுவேன். செய்தான். அதே சம்பவத்தை ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் ஒரே வாக்கியத்தில் முடிக்கிறது: ஏதெல்ரெட்டின் விதவையைக் கொண்டுவரச் செய்து மனைவியாக்கிக்கொண்டான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கல்யாணப் பத்திரிகைக்கும் பஞ்சாயத்து நோட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

நிலாவையும் தென்றலையும் விட்டுவிட்டு மூத்தாள் பிள்ளைக்குப் பட்டம் இல்லை என்ற ஷரத்தில் போய் நிற்கும் காதல் காட்சியை நான் வேறெங்கும் படித்ததில்லை. முதல் வீட்டில் பட்ட பாடு அப்படி.

சத்தியம் 1035 நவம்பர் 12 வரை செல்லுபடியானது. அன்றைக்கு கனூட் இறந்தான். எம்மா பெற்ற ஹார்தகனூட் டென்மார்க்கை விட்டு வரமுடியாத நிலை. மூத்தவள் ஏல்ஃப்கிஃபுவின் மகன் ஹெரால்டு பக்கத்திலேயே இருந்தான். முயல்கால் ஹெரால்டு என்பது பின்னால் வந்த பட்டப்பெயர். முயலின் வேகத்திலேயே வின்செஸ்டருக்கு ஆள் அனுப்பி, எம்மா வசமிருந்த கனூட்டின் பொக்கிஷத்தில் நல்லதாகப் பார்த்து அள்ளிக்கொண்டான். எம்மா தரப்பின் பதிலடி ஆயுதத்தால் அல்ல, வாயால். ஹெரால்டு கனூட்டுக்கே பிறக்கவில்லை, வேலைக்காரி பெற்ற குழந்தையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டார்கள் என்கிறது புகழ்மாலை. பிற்கால ஆசிரியர் ஒருவர் செருப்புத் தொழிலாளியின் பிள்ளை என்கிறார். வம்பு பேசுவோர் தங்களுக்குள் முதலில் ஒத்துப்போகவேண்டும் என்ற விதி அக்காலத்தில் இல்லை.

1036இல் தாயைப் பார்க்க வந்த ஆல்ஃபிரட்டைப் பிடித்துக் கண்ணைப் பறித்தார்கள். ஈலி மடத்தில் அவன் இறந்தான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை, கடந்து போகிறேன். 1037இல் எம்மாவை நாட்டைவிட்டே துரத்தினார்கள். ஃபிளாண்டர்ஸில் புரூஜ் நகரத்தில் போய் இருந்தாள். 1040இல் ஹெரால்டு இறந்ததும் ஹார்தகனூட் கப்பல்களோடு வந்து இறங்கினான். முதல் வேலையாக அண்ணன் உடலைத் தோண்டி எடுத்துச் சேற்றில் வீசச் செய்தான். இரண்டு வருஷத்தில், லாம்பெத்தில் ஒரு கல்யாண விருந்தில் குடித்துக்கொண்டிருந்தவன் நின்றபடியே சாய்ந்து செத்தான்.

இதுவரை கருதுகோள் சிங்கம்போல் நிற்கிறது. ஆனால் முறையான ஆய்வுக்கு ஒப்பீட்டுக் குழு ஒன்று வேண்டுமே. பெற்ற பிள்ளை எப்படி நடந்துகொண்டான்? ஏதெல்ரெட்டுக்கு எம்மா பெற்ற எட்வர்டுக்கு 1043 ஏப்ரல் 3ஆம் தேதி முடிசூட்டினார்கள். நவம்பரில் க்ளாஸ்டரிலிருந்து மூன்று பெரிய பிரபுக்களைக் கூட்டிக்கொண்டு குதிரையில் வின்செஸ்டருக்கு வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அம்மாவிடமிருந்த பொன்னையும் வெள்ளியையும் பிடுங்கிக்கொண்டான். முன்பு தனக்கு அவள் கை நீட்டிக் கொடுக்கவில்லை என்பது காரணம்.

கருதுகோள் அந்த இடத்தில் விழுந்தது. கையொடிந்த நிலையில் பெரியம்மாவிடம் போனேன். மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். முழுக்கதையும் கேட்டுவிட்டு அச்சைக் கீழே வைத்தார்.

"பொட்டிச் சாவி அவ முந்தானைலதானே இருந்துச்சு?"

"அவங்களுக்கு முந்தானை கிடையாது பெரியம்மா."

"எங்கியோ முடிஞ்சிருப்பா. புடுங்குனது மூத்தா மகனா, பெத்த மகனா?"

"ரெண்டு பேரும்."

"அப்புறம் என்னடா ஆராய்ச்சி? காக்கா வருது, அந்தக் கம்பை எடு."

புகழ்மாலையின் பழைய ஏட்டுப்பிரதி ஒன்றில் முகப்புச் சித்திரம் உண்டு. எம்மா சிம்மாசனத்தில் அமர்ந்து புத்தகத்தை வாங்குகிறாள். ஓரத்திலிருந்து இரண்டு மகன்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பெரியம்மா சொன்ன பிறகு அந்தப் படத்தைப் பார்த்தால், அவர்கள் கண் புத்தகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எட்வர்ட் பொன்னைப் பறித்ததற்கு மக்கள் வேறொரு காரணம் கற்பித்தார்கள். வின்செஸ்டர் ஆயர் ஏல்ஃப்வினோடு எம்மாவுக்குத் தொடர்பு என்றும், பழுக்கக் காய்ச்சிய ஒன்பது கொழுமுனைகள்மேல் நடந்து அவள் தன்னை நிரூபித்தாள் என்றும் பிற்காலத்தில் கதை கிளம்பியது. எம்மா 1052இல் இறந்து வின்செஸ்டரில் அடக்கமானாள். இப்போது அங்குள்ள தேவாலயத்தின் ஆறு மரப்பேழைகள் பழைய அரசர்கள், ஆயர்களின் எலும்புகளுக்கானவை. 1642இல் உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் பேழைகளை உடைத்து, எலும்புகளை எடுத்து வண்ணக்கண்ணாடிச் சன்னல்கள்மேல் எறிந்தார்கள். பொறுக்கியதைக் கலந்துகட்டித் திரும்பப் போட்டார்கள். எம்மாவின் பெயர் எழுதிய பேழையில் கனூட்டின் பெயர் இருக்கிறது; அந்த ஆயரின் பெயரும் இருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வு முடிவின்படி 1,300க்கு மேற்பட்ட எலும்புகள், குறைந்தது 23 பேருடையவை. அவற்றில் எம்மாவாக இருக்கக்கூடிய முதிர்ந்த பெண்ணின் எலும்புகள் ஒரே பேழையில் இல்லை, பல பேழைகளில் பிரிந்து கிடந்தன.