கோக் டாக்டர் போட்டுக்கொண்ட ஊசி

என் இடது முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, "சொறிஞ்சிடாதீங்க சார், வியாழக்கிழமை வாங்க, ஸ்கேல் வெச்சுப் பார்க்கணும்" என்றார் நர்ஸ். மூன்று வாரமாக விடாத இருமல். டாக்டர் காசநோய்க்கான மாண்டோ டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார். வட்டத்துக்கு நடுவே கொசுக்கடி மாதிரி ஒரு மேடு. சொறியாதே என்று சொல்லும்வரை எனக்கு அது அரிக்கவே இல்லை.

அந்த ஊசியில் இருந்த சரக்கின் கொள்ளுத்தாத்தா 1890-ல் பெர்லினில் பிறந்தது. பெற்றவர் டாக்டர் ராபர்ட் கோக். காசநோயைக் குணப்படுத்தும் மருந்து என்று தம்பட்டம் அடித்துத்தான் பெற்றார். பிள்ளை வளர்ந்து வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டது.

கோக் 1843-ல் ஹார்ட்ஸ் மலைப்பக்கம் கிளாவுஸ்டால் என்ற சுரங்க ஊரில், ஒரு பெரிய குடும்பத்தின் பதின்மூன்று பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். கப்பலேறி உலகம் சுற்ற ஆசை. கல்யாணம் ஆயிற்று, உலகம் வோல்ஷ்டைன் என்ற சிற்றூரோடு நின்றுபோயிற்று. 1872-லிருந்து அங்கே அவர் மாவட்ட மருத்துவ அதிகாரி. பிறந்தநாளுக்கு மனைவி எம்மி ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தார் என்பார்கள். ஒரு கம்பளிச் சட்டையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். டாக்டர், நோயாளிகளைப் பார்க்கும் அறையின் குறுக்கே ஒரு திரையைக் கட்டினார். திரைக்கு இந்தப் பக்கம் இருமுகிறவர்கள், அந்தப் பக்கம் எலிகள். எந்தப் பக்கம் அவருக்கு மனசு இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அக்கம்பக்கத்தில் ஆடுமாடுகள் ஆந்த்ராக்ஸில் செத்துக்கொண்டிருந்தன. கோக் மரச்சிம்பைச் சுட்டுச் சுத்தம் செய்து, செத்த ஆட்டின் ரத்தத்தில் தோய்த்து, எலியின் வாலடியில் கீறிச் செருகினார். கிருமியை வளர்க்க? மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் நீர். வீடு எப்படி நாறியிருக்கும் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை; எம்மியைக் கேட்டால் தெரிந்திருக்கும். 1876-ல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பிரெஸ்லாவுக்குப் போய், தாவரவியல் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் கோன் முன்னால் மூன்று நாள் செய்தே காட்டினார். பட்டிக்காட்டு டாக்டர் என்ன சொல்லிவிடப் போகிறார் என்று உட்கார்ந்த பேராசிரியர்கள் எழுந்து நின்றார்கள். 'இதோ இருக்கிறது, கண்ணால் பார்த்துக்கொள்' என்பதுதான் கோக்கின் முழு மூலதனம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1890-ல் இந்த மூலதனத்தைத்தான் மனிதர் தொலைப்பார்.

1880-ல் பெர்லினுக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்க ஜெலட்டின் வைத்துப் பார்த்தார்கள். கோடையில் அது உருகி வழிந்தது. போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்று தீர்த்தன. உதவியாளர் வால்டர் ஹெஸ்ஸவின் மனைவி ஃபானி, "நான் ஜெல்லி செய்கிற அகர் எந்த வெயிலுக்கும் உருகுவதில்லையே" என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறார். நம்மூரில் சைனா கிராஸ் என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, நோன்பு மாதத்தில் கடல்பாசி என்று கிண்ணம் கிண்ணமாக வருகிறதே, அதுதான். இன்றுவரை உலகத்து ஆய்வகங்களெல்லாம் அதன்மேல்தான் கிருமி வளர்க்கின்றன. 1882-ல் கோக் இதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினார். அந்த வரியில் ஃபானியும் இல்லை, வால்டரும் இல்லை. பந்தி முடிந்தபின் சமையல்காரரை யார் கேட்கிறார்கள்?

1882 மார்ச் 24. பெர்லின் உடலியங்கியல் சங்கக் கூட்டம். கோக் ஆய்வகத்தையே பெயர்த்துக்கொண்டு வந்து மேசைமேல் பரப்பினார்: மைக்ராஸ்கோப்புகள், சோதனைக் குழாய்கள், இருநூறுக்கு மேற்பட்ட மாதிரிகள். மனிதர்களில் ஏழில் ஒருவரைக் காசநோய் கொண்டுபோகிறது. இதோ கொல்கிற ஆசாமி என்று காட்டினார். அவருக்கு மேடைப் பேச்சு வராது. திக்கித் திணறிப் படித்தார். படித்து முடித்ததும் கைதட்டல் இல்லை, கேள்வி இல்லை. வாயடைத்துப்போய், ஒவ்வொருவராக எழுந்து வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்கள். அந்தக் கிருமி மகா சோம்பேறி. மற்றவை ஒரே ராத்திரியில் வளரும். இது கண்ணுக்குத் தெரிய இரண்டு வாரம் ஆகும். வேறு யாராயிருந்தாலும் மூன்றாம் நாளே குழாயைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். கோக் காத்திருந்தார்.

அந்தப் பொறுமை கிருமிகளுக்கு மட்டும்தான். அதே ஆண்டு ஜெனீவா மாநாட்டில் லூயி பாஸ்டர் பேசும்போது ஜெர்மானியக் கட்டுரைத் 'தொகுப்பு' என்ற பொருளில் 'ரெக்கே' என்றார். பக்கத்தில் மொழிபெயர்த்தவர் காதில் அது 'ஓர்கே' என்று விழுந்தது. அதாவது ஜெர்மானியத் 'திமிர்'. கோக்குக்கு பிரெஞ்சு வராது, பாஸ்டருக்கு ஜெர்மன் வராது. இரண்டு மேதைகள் ஒரு எழுத்துக்காக முட்டிக்கொண்டார்கள். அந்த எழுத்து இல்லாவிட்டாலும் வேறொன்று கிடைத்திருக்கும். இரண்டு நாடும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்தான் யுத்தம் போட்டு முடித்திருந்தன.

பிறகு காலரா. எகிப்தில் தேடி, அங்கே நோய் அடங்கிவிட, கோக் கல்கத்தாவுக்கே வந்துவிட்டார். ஜனங்கள் குளித்து, துவைத்து, அதையே மொண்டு குடித்த குளத்தில் காற்புள்ளி வடிவத்தில் கிருமியைப் பிடித்தார். 1884-ல் ஊர் திரும்பியவருக்கு ஒரு லட்சம் மார்க் பரிசு. மியூனிக்கில் மாக்ஸ் பெட்டன்கோஃபர் என்ற பெரியவர் மட்டும் நம்பவில்லை. கிருமி மட்டும் போதாது, மண்ணும் சேரவேண்டும் என்பது அவர் கட்சி. 1892-ல், எழுபத்து மூன்று வயதில், வயிற்றுப் புளிப்பை அடக்க சோடா உப்பும் சேர்த்துக்கொண்டு காலராக் கிருமியைக் குடித்தே காட்டினார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்துவிட்டார். கட்சி தோற்றது, கிழவர் ஜெயித்தார்.

இப்போது 1890. கோக்குக்கு வயது 46. பாஸ்டருக்குப் பாரிஸில் தனி நிறுவனமே கட்டியாயிற்று. பெர்லினில் சர்வதேச மருத்துவ மாநாடு. அரசுக்கு ஏதாவது வெடி வெடித்தாகவேண்டும். காசநோய்க் கிருமியைத் தடுக்கும் ஒரு பொருள் கைவசம் இருக்கிறது, கினிப்பன்றிகளில் வேலை செய்கிறது என்றார் கோக். நவம்பரில் மருந்தே வந்துவிட்டது. பழுப்பு நிறத் திரவம். அதில் என்ன இருக்கிறது? சொல்ல மாட்டாராம். மாட்டுக்கண் முதல் மரச்சிம்பு வரை மேசைமேல் பரப்பிய மனிதர், சேலத்து சிட்டுக்குருவி லேகியக்காரர் மாதிரி குப்பியை மூடிவைத்துக்கொண்டார். ஆண்டுக்கு 45 லட்சம் மார்க் லாபம் வரும் என்று ஒரு கணக்கும் போட்டிருந்தார். கணக்கில் அவர் எப்போதுமே கெட்டி.

ஊர் ஊராகக் காசநோயாளிகள் பெர்லினுக்கு ரயிலேறினார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் பெற்ற ஆர்தர் கோனன் டாயிலும் இங்கிலாந்திலிருந்து வந்தார்; அவரும் டாக்டர்தான். விளக்கக் கூட்டத்துக்குள் நுழைய அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. உள்ளே போனவரிடம் குறிப்பை வாங்கிப் படித்து, வார்டுகளைச் சுற்றிப் பார்த்து, இவ்வளவு கொண்டாட வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார். துப்பு துலக்க டிக்கெட் தேவைப்படவில்லை.

1891 ஜனவரியில் நோயியல் துறையின் கிழட்டுச் சிங்கம் ருடால்ஃப் விர்ஹோ, ஊசி போட்டுக்கொண்டு இறந்தவர்களை அறுத்துப் பார்த்ததைச் சபையில் வைத்தார். நோய் அடங்கவில்லை, புதிய இடங்களுக்குப் பரவியிருந்தது. கோக் வேறு வழியில்லாமல் ரகசியத்தை உடைத்தார்: கிருமியை வளர்த்து கிளிசரினில் எடுத்த சாறு, அவ்வளவுதான். உடைத்துவிட்டு எகிப்துக்குக் கிளம்பினார். இதற்கு நடுவே ஓர் ஓவியர் வீட்டில் பார்த்த படத்தில் மயங்கி, படத்திலிருந்த ஹெட்விக் என்ற பெண்ணிடமும் மயங்கியாயிற்று. வயது வித்தியாசம் ஏறக்குறைய 30. எம்மியிடம் விவாகரத்து, 1893-ல் இரண்டாம் கல்யாணம். பெர்லின் சீமாட்டிகள் மருந்து தோற்றதைக்கூட மன்னித்தார்கள்.

அரசு அவரைக் கைவிடவில்லை. 1891-லேயே தொற்றுநோய்களுக்கென்று ஒரு நிறுவனம் கட்டிக்கொடுத்தது. நோபல் மட்டும் தாமதம். 1901-ல் முதல் பந்தியிலேயே அவரிடம் வேலை பார்த்த பேரிங்குக்கு இலை போட்டார்கள். இரண்டாம் பந்தியில் செகந்திராபாத்தில் கொசு அறுத்த ரொனால்ட் ராஸ். கோக்குக்கு 1905-ல், ஐந்தாம் பந்தியில். அடுத்த வருஷம் உறக்கநோயைத் தேடி விக்டோரியா ஏரித் தீவுகளுக்குப் போய், ஆப்பிரிக்கர்களுக்கு ஆர்சனிக் மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போனார். சிலருக்குக் கண் போயிற்று. இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

மருந்தாகத் தோற்ற சாற்றை வியன்னாவில் குழந்தை மருத்துவர் பிர்கே எடுத்துக்கொண்டார். 'அலர்ஜி' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் இவர்தான். கிருமியை முன்பே சந்தித்த உடம்பு அந்தச் சாற்றைக் கண்டால் முறைக்கும், சந்திக்காத உடம்பு சும்மா இருக்கும் என்று 1907-ல் குழந்தைகளின் தோலில் கீறிக் காட்டினார். அடுத்து மாண்டோ என்பவர் ஊசியைத் தோலுக்குள்ளேயே செலுத்தினார். அங்கிருந்து என் முன்கை.

1890-ல் ஊரார் கையில் குத்துமுன் கோக் தன் கையில் கால் சி.சி. குத்திக்கொண்டார். நோய் வரலாம், சாகமாட்டாய் என்று சொல்லி ஹெட்விக்குக்கும் ஒன்று. காதலிக்குக் கொடுக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மூன்று நான்கு மணி நேரத்தில் அவருக்குக் கைகால் வலி, இருமல், மூச்சுத் திணறல். ஐந்தாம் மணியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தூக்கிப்போடும் குளிர், வாந்தி, காய்ச்சல் 39.6 டிகிரி. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறார். மருந்து பலமானது என்று நினைத்துக்கொண்டார். பதினேழு வருஷம் கழித்து வியன்னாக்காரர் கண்டுபிடிக்கப் போகிற டெஸ்டின் ரிசல்ட், அன்றைக்கே அவர் கையில் இருந்தது. வட்டம் போட நர்ஸம்மாதான் இல்லை.